யாரோடு ஒப்பிட்டார்கள்? ஹெட் ஸ்டார்ட் மதிப்பீடுகளின் அரை நூற்றாண்டு

அமெரிக்க அதிபர் லிண்டன் ஜான்சன் அறிவித்த வறுமை ஒழிப்பு இயக்கத்தில் பிறந்த திட்டங்களில் மிக அதிகமாக ஆராயப்பட்டவற்றுள் ஒன்று ஹெட் ஸ்டார்ட் என்னும் முன்பள்ளித் திட்டம். 1965 கோடையில் எட்டு வார வகுப்புகளாக அது தொடங்கியபோதே ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட ஏழைக் குழந்தைகள் சேர்ந்தார்கள். பாடம், உணவு, மருத்துவப் பரிசோதனை, பெற்றோர் பங்கேற்பு என எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுத்த ஏற்பாடு அது. அது பயன் தந்ததா என்று 1969இல் கேட்டபோது ஒரு விடை வந்தது. 1995இல் வேறு, 2010இல் வேறு, 2016இல் இன்னும் வேறு. இந்த மாற்றத்துக்குத் திட்டமே மாறிவந்ததும் ஒரு காரணம்தான். ஆனால் ஹெட் ஸ்டார்ட் குழந்தைக்குப் பக்கத்தில் எந்தக் குழந்தையை நிறுத்தி அளந்தார்கள் என்பதே பெரும்பாலும் விடையைத் தீர்மானித்தது என்பது இக்கட்டுரையின் வாதம்.

கல்வித் திட்டங்களை மதிப்பிட்டே ஆகவேண்டும் என்ற எண்ணம் சட்டத்தில் இடம்பெற்றதும் அதே 1965இல்தான். அவ்வாண்டின் தொடக்க, இடைநிலைக் கல்விச் சட்டத்தில் மதிப்பீட்டு விதி ஒன்று நுழைய செனட்டர் ராபர்ட் கென்னடியின் வற்புறுத்தல் காரணமாயிற்று. ஹெட் ஸ்டார்ட்டோ சில மாதங்களில் திட்டமிடப்பட்டு நாடெங்கும் ஒரே மூச்சில் திறக்கப்பட்டது. குழந்தைகள் சேருமுன் எந்த நிலையில் இருந்தார்கள் என்ற பதிவு இல்லை. குலுக்கல் முறையில் சிலரைச் சேர்த்து, சிலரை ஒப்பீட்டுக்கென நிறுத்திவைக்கும் பேச்சே எழவில்லை. பணத்துக்குக் கணக்குக் கேட்கும் நாள் வந்தபோது, நடந்து முடிந்ததைப் பின்னோக்கிப் பார்த்து அளப்பது ஒன்றே வழியாக மிஞ்சியது.

அந்தப் பொறுப்பு 1968இல் வெஸ்டிங்ஹவுஸ் லேர்னிங் கார்ப்பரேஷனுக்கும் ஒஹாயோ பல்கலைக்கழகத்துக்கும் போனது. ஆய்வுக் குழு 104 மையங்களை எடுத்துக்கொண்டது. அவற்றில் பெரும்பாலானவை கோடைகால மையங்கள். முன்பு அங்கே படித்து, இப்போது ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை இருக்கும் குழந்தைகள் ஒரு பக்கம். அதே வட்டாரத்தில் சேரத் தகுதி இருந்தும் சேராத குழந்தைகள் மறுபக்கம். இரு சாராரின் குடும்ப நிலையில் இருந்த வேறுபாட்டை உடன்மாறுபாட்டுப் பகுப்பாய்வால் சரிசெய்து மதிப்பெண்களை ஒப்பிட்டார்கள். கோடை வகுப்புகளால் நிலையான பலன் இல்லை, முழு ஆண்டு வகுப்புகளின் சிறு பலனும் விரைவில் மங்கிவிடுகிறது என்று 1969 ஜூன் அறிக்கை கூறியது. அறிக்கை வெளிவருமுன்பே, பிப்ரவரியில் காங்கிரசுக்கு அனுப்பிய செய்தியில் அதிபர் நிக்சன் அதன் முதற்கட்ட முடிவுகளைச் சுட்டிக்காட்டிவிட்டார். ஆய்வுக்கு ஆலோசகராக இருந்த புள்ளியியலாளர் வில்லியம் மேடோ அதிலிருந்து விலகிக்கொண்டார்.

கண்டனங்கள் பல வந்தன. காலத்தால் நிலைத்தது டொனால்ட் கேம்பெலும் ஆல்பர்ட் எர்லபாகரும் 1970இல் எழுதியது. சரிசெய்தாகிவிட்டது என்று நம்பிய இடத்திலேயே பிழை ஒளிந்திருக்கிறது என்றார்கள் அவர்கள். இதைக் கற்பனை எண்களால் விளக்கலாம். ஹெட் ஸ்டார்ட் குழந்தைகள் வந்த பிரிவின் சராசரி மதிப்பெண் 90, ஒப்பீட்டுக் குழந்தைகள் வந்த பிரிவின் சராசரி 100 என்று கொள்வோம். இரண்டையும் சமப்படுத்த, இரு பக்கத்திலும் 95 எடுத்தவர்களை மட்டும் பொறுக்குகிறோம். தேர்வு எதுவும் துல்லியமானதல்ல. முதல் மதிப்பெண்ணுக்கும் அடுத்த மதிப்பெண்ணுக்கும் உள்ள ஒட்டுறவு 0.5 என்போம். மறுதேர்வில் ஒவ்வொருவரும் தத்தம் பிரிவின் சராசரியை நோக்கிப் பாதித் தூரம் திரும்புவார்கள். முதல் குழு 92.5க்கு இறங்கும், இரண்டாவது 97.5க்கு ஏறும். திட்டம் நன்மையோ தீமையோ எதுவும் செய்யாதபோதும், அது குழந்தைகளுக்கு ஐந்து மதிப்பெண் இழப்பை உண்டாக்கியதுபோல் தோன்றும்.

பெற்றோரின் உயரத்தையும் பிள்ளைகளின் உயரத்தையும் ஒப்பிட்டு பிரான்சிஸ் கால்டன் 1886இல் காட்டிய சராசரிக்குத் திரும்பும் போக்குதான் இது. உடன்மாறுபாட்டுப் பகுப்பாய்வும் இதிலிருந்து தப்ப முடியாது. பெற்றோரின் படிப்பு, தொழில், வருமானம் ஆகியவற்றைக் கொண்டு கட்டிய குறியீடு குடும்பத்தின் உண்மை நிலையை அரைகுறையாகவே அளக்கிறது. ஆகவே வேறுபாட்டையும் அரைகுறையாகவே சரிசெய்யும். ஒரே தரவிலிருந்து இரண்டு புள்ளியியலாளர்கள் நேர்மையாகவே நேர்மாறான முடிவுக்கு வரமுடியும் என்று 1967இல் பிரடெரிக் லார்ட், பல்கலைக்கழக உணவுக்கூட மாணவர்களின் எடையை உதாரணமாக வைத்து எழுதியிருந்தார். இரண்டு ஆண்டுகள் கழித்து வந்த வெஸ்டிங்ஹவுஸ் குழு அந்தச் சிறு கட்டுரைக்குக் காதுகொடுத்திருக்கலாம்.

பிழை எந்தப் பக்கம் சாய்கிறது என்பதுதான் இதில் முக்கியம். மிக ஏழைகளைத் தேடிச் சேர்க்கும் திட்டத்தை, சற்றே வசதியானவர்களோடு ஒப்பிட்டால் திட்டம் கெட்டதாகத் தெரியும். திறமைசாலிகளைப் பொறுக்கிச் சேர்க்கும் திட்டத்துக்கு அதே கணக்கு நல்ல பெயர் வாங்கித் தரும். வறியவர்களுக்கான திட்டங்களின்மேல் மட்டும் வழக்கமான கணக்குமுறை ஓர வஞ்சனை செய்கிறது என்பதே கேம்பெல் கண்டு சொன்னது.

இதற்கு அரசின் மதிப்பீட்டு அதிகாரிகள் ஜான் எவன்சும் ஜெப்ரி ஷில்லரும் பதில் எழுதினார்கள். இப்படியே சந்தேகித்துக்கொண்டிருந்தால் சமூகத் திட்டங்களின் மதிப்பீடு தவறான வழியில் போய்விடக்கூடும் என்று தலைப்பிலேயே சொன்னார்கள். அவர்கள் பக்கமும் நியாயம் இல்லாமலில்லை. 1968இல் நின்றுகொண்டு 1965க்குக் குலுக்கல் நடத்த யாராலும் முடியாது, பட்ஜெட்டும் காத்திருக்காது. ஆனால் சாயும் திசை தெரிந்த தராசில் நிறுத்துவிட்டு எடையை மட்டும் அறிவிப்பது வேறு விஷயம். பின்னர் 1977இல் ஜே மேகிட்சன் அதே தரவை அளவீட்டுப் பிழைக்கு இடம்கொடுக்கும் மாதிரியில் போட்டுப் பார்த்துச் சிறு நன்மை கண்டார். அது புள்ளியியல் முறையில் உறுதிப்படவில்லை என்று பென்ட்லரும் உட்வர்டும் மறுத்தார்கள். பழைய தரவைக் கடைந்து இனி எடுப்பதற்கு ஒன்றுமில்லை என்றாகிவிட்டது.

அடுத்து வந்தவர்கள் ஒப்பீட்டுக் குழந்தையை அதே வீட்டில் தேடினார்கள். ஜேனட் கர்ரியும் டங்கன் தாமசும் 1995இல், ஹெட் ஸ்டார்ட்டுக்குப் போன பிள்ளையைப் போகாத உடன்பிறப்போடு ஒப்பிட்டார்கள். இருவருக்கும் பெற்றோர் ஒன்று, தெரு ஒன்று. வெள்ளைக் குழந்தைகளிடம் பலன் நீடித்தது. கறுப்பினக் குழந்தைகளிடம் சீக்கிரம் மறைந்தது. 2009இல் டேவிட் டெமிங் இதே வழியில் போய், மதிப்பெண் முன்னேற்றம் மங்கினாலும் இளமைப் பருவத்தில் படிப்பு, வேலை, உடல்நலம் முதலியவற்றைத் தொகுத்த குறியீட்டில் 0.23 திட்ட விலக்க அளவு நன்மை தெரிகிறது என்றார். இந்த வழியிலும் ஓர் ஓட்டை உண்டு. ஒரு பிள்ளையை அனுப்பிய வீடு இன்னொன்றை ஏன் அனுப்பவில்லை? நடுவில் வேலை போயிருக்கலாம், தாய் தனியே நின்றிருக்கலாம், அல்லது பின்தங்கியதாகத் தோன்றிய பிள்ளையைத்தான் அனுப்பியிருக்கலாம்.

ஜென்ஸ் லுட்விக்கும் டக்லஸ் மில்லரும் 2007இல் கண்டெடுத்தது இவற்றினும் நேர்த்தியான வழி. 1965இல் விண்ணப்பம் எழுதத் தெரியாத ஏழை மாவட்டங்கள் விடுபட்டுவிடக்கூடாதென்று, நாட்டின் மிக ஏழ்மையான 300 மாவட்டங்களுக்கு மட்டும் அரசு ஆளனுப்பி உதவியது. 300ஆவது மாவட்டத்துக்கும் 301ஆவதுக்கும் வறுமையில் வித்தியாசம் இல்லாத அளவுதான். ஹெட் ஸ்டார்ட் நிதியில் மட்டும் பெரிய வித்தியாசம். அந்தக் கோட்டின் இருபுறமும் பார்த்ததில், உதவி பெற்ற பக்கத்தில் ஐந்து முதல் ஒன்பது வயதுக் குழந்தைகளின் இறப்பு, இத்திட்டத்தின் மருத்துவ கவனிப்பால் தடுக்கக்கூடிய காரணங்களைப் பொறுத்தவரை, குறைந்திருந்தது. வெட்டுக்கோட்டை ஒட்டி ஒப்பிடும் இம்முறையை 1960இல் தகுதி உதவித்தொகை ஆய்வொன்றில் முதலில் முன்வைத்தவர்கள் திசில்த்வெயிட்டும் அதே கேம்பெலும். 1969இல் எந்தத் தேர்வும் அளக்காத ஒன்று இறப்புப் பதிவேட்டில் கிடந்தது.

கேம்பெல் கேட்ட குலுக்கல் கடைசியில் நடந்தது. 1998இல் காங்கிரஸ் பணித்தபடி, 2002 இலையுதிர் காலத்தில் இடத்துக்கு மிஞ்சி விண்ணப்பம் வந்த மையங்களில் மூன்று, நான்கு வயதுக் குழந்தைகள் ஏறத்தாழ ஐயாயிரம் பேருக்குக் குலுக்கல் முறையில் இடம் ஒதுக்கப்பட்டது. 2010இல் வந்த அறிக்கை, தொடக்கத்தில் கண்ட முன்னேற்றம் முதல் வகுப்பின் முடிவில் பெரும்பாலும் காணாமல்போனது என்றது. நாற்பது ஆண்டு வாதத்துக்குப் பிறகு வெஸ்டிங்ஹவுஸ் சொன்னதே சரியாயிற்றோ என்று பலருக்கும் தோன்றியது.

ஆனால் இடம் கிடைக்காத குழந்தைகள் எல்லாரும் 1965இன் குழந்தைகள்போல் வீட்டில் இருக்கவில்லை. ஏறத்தாழ ஆறில் ஒருவர் வேறொரு ஹெட் ஸ்டார்ட் மையத்திலேயே சேர்ந்துவிட்டார். மூன்றில் ஒரு பங்கு அளவினர் மற்ற முன்பள்ளிகளுக்குப் போனார்கள். அவற்றில் பலவும் பொதுப் பணத்தில் நடப்பவை. பேட்ரிக் கிளைனும் கிறிஸ்டபர் வால்டர்சும் 2016இல் இதைப் பிரித்துப் பார்த்தார்கள். இல்லாவிட்டால் வீட்டில் இருந்திருக்கக்கூடிய குழந்தைகளுக்கு ஹெட் ஸ்டார்ட் கணிசமாக உதவியது. வேறு முன்பள்ளிக்குப் போயிருக்கக்கூடியவர்களுக்குக் கூடுதல் பலன் ஏறக்குறைய இல்லை. குலுக்கல் தந்த ஒற்றை எண் இவ்விரண்டும் கலந்தது. அரசுச் செலவைக் கணக்கிட்டாலும், ஒரு குழந்தை இங்கே வந்தால் இன்னொரு பொது முன்பள்ளியில் ஓர் இடத்துக்கான செலவு மிச்சமாகிறது.

2020இல் ரெமி பேஜஸ் குழுவினர் டெமிங்கின் உடன்பிறப்பு ஒப்பீட்டை, அவர் எடுத்த குழந்தைகளுக்குப் பின் பிறந்தவர்களுக்கு நீட்டித்தார்கள். தரவுத்தொகுப்பும் முறையும் பழையவையே. டெமிங் கண்ட நன்மை பிந்திய குழந்தைகளிடம் தெரியவில்லை. சில அளவுகளில் முடிவு எதிர்த்திசைக்கே போனது. திட்டம் தரம் தாழ்ந்ததா, ஹெட் ஸ்டார்ட்டுக்குப் போகாத உடன்பிறப்பின் வீடும் பள்ளியும் மேம்பட்டனவா, சேர்க்கும் பிள்ளையைப் பெற்றோர் தேர்ந்தெடுத்த விதம் மாறியதா என்பதை உடன்பிறப்பு ஒப்பீட்டை மட்டும் வைத்துப் பிரித்தறிய இயலாது.