கணக்காளரின் வலைவாசல்

அமெரிக்காவில் தனிநபர் வருமான வரிக் கணக்கைச் சமர்ப்பிக்கப் பொதுவாக ஏப்ரல் 15 கடைசி நாள். அதற்காக நாம் கணக்காளரிடம் கொடுப்பவற்றை எண்ணிப் பாருங்கள்: சம்பளத்துக்கான டபிள்யூ-2, வட்டிக்கான 1099, குடும்பத்தார் அனைவரின் சமூகப் பாதுகாப்பு எண்கள். ஊரில் வங்கிக் கணக்கு உள்ள நம்மவர்களுக்கு இன்னொன்றும் உண்டு. வெளிநாட்டுக் கணக்குகளின் மொத்த இருப்பு ஆண்டில் ஒரு நாளாவது 10,000 டாலரைத் தாண்டியிருந்தால் எஃப்பார் அறிக்கை தரவேண்டும். அதற்கான விவரமும் கணக்காளருக்குப் போகிறது.

பலர் இவற்றை மின்னஞ்சலில் இணைத்து அனுப்பிவிடுகிறார்கள். அந்த மடல் இருவர் பெட்டியிலும் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். ஒருவரின் கடவுச்சொல் களவு போனாலும் போதும். நமக்கு முன்பே நம் பெயரில் பொய்க்கணக்கு தாக்கல் செய்து, வரித்தொகையைத் திரும்பப் பெற்றுவிட முடியும்.

இதற்கு மாற்றாக வந்ததே போர்ட்டல் என வழங்கும் வலைவாசல். வாடிக்கையாளர் தம் கடவுச்சொல்லுடன் உள்ளே சென்று ஆவணங்களை ஏற்றுகிறார். முடிந்த கணக்கை அங்கேயே படித்துப் பார்க்கிறார். மின்வழித் தாக்கலுக்கு ஒப்புதல் தரும் 8879 படிவத்தில் மின்கையொப்பம் இட 2014 முதல் வரித்துறை அனுமதிக்கிறது. எந்தக் கோப்பை யார், எப்போது திறந்தார் என்ற பதிவும் இருக்கும்.

ஒவ்வோர் அலுவலகமும் இந்த வாசலைத் தன் தேவைக்கேற்ப அமைத்துக்கொள்ளலாம். சின்னம், வண்ணம், முகவரி ஆகியவை வெளிப்பூச்சு. உள்ளமைப்பே முக்கியம். மளிகைக்கடை வைத்திருப்பவருக்கு ஒரு பட்டியல், மாதச் சம்பளக்காரருக்கு வேறு பட்டியல். கடையின் கணக்கெழுதுபவர் கடைக் கோப்புகளை மட்டும் பார்க்கலாம், முதலாளியின் குடும்பக் கணக்கை அல்ல. இந்த அனுமதிகளைச் சரியாக வகுக்காத வாசல் எவ்வளவு அழகாயிருந்தும் பயனில்லை.

சட்டமும் இதில் தலையிடுகிறது. 1999ஆம் ஆண்டின் கிராம்-லீச்-பிளைலி சட்டத்தின் கீழ், வரிக்கணக்குத் தயாரிப்போரும் நிதி நிறுவனமாகவே கருதப்படுகிறார்கள். 2021இல் திருத்தப்பட்ட பாதுகாப்பு விதியின் முக்கியப் பகுதிகள் 2023 ஜூன் 9 முதல் நடப்புக்கு வந்தன. வாடிக்கையாளர் தகவலை மறையாக்கம் செய்து வைக்கவேண்டும். கடவுச்சொல்லோடு இரண்டாவது சரிபார்ப்பும் வேண்டும். 2024 மே முதல், 500 பேருக்கோ அதற்கு மேலோ பாதிக்கும் கசிவு நேர்ந்தால் 30 நாட்களுக்குள் மத்திய வணிக ஆணையத்துக்குத் தெரிவிக்கவேண்டும்.

வாசலில் கணக்காளரின் பெயர் இருந்தாலும், மென்பொருள் பெரும்பாலும் வேறொரு நிறுவனத்துடையது. அது கைமாறுவதும் உண்டு. கணக்காளர்கள் பலர் பயன்படுத்தும் ஷேர்ஃபைல் 2005இல் வட கரோலினாவில் தொடங்கியது. 2011இல் சிட்ரிக்ஸ் அதை வாங்கியது. 2024இல் புரோகிரஸ் நிறுவனத்திடம் போனது. பெயர்ப்பலகை அப்படியே இருக்க, நம் ஆவணங்களைக் காப்பவர் மட்டும் மாறிவிடுகிறார்.

ஆகவே கணக்காளரிடம் மூன்று கேள்விகள் கேட்கலாம். கோப்புகள் யாருடைய வழங்கியில் உள்ளன? எத்தனை ஆண்டு இருக்கும்? நான் வேறு கணக்காளரிடம் போனால் அவை என்னவாகும்? பதில் எதுவானாலும், முடிந்த கணக்கின் பிரதியை ஆண்டுதோறும் இறக்கி நம்மிடமே வைத்துக்கொள்வது நல்லது. வரித்துறை பழைய கணக்கைப் பற்றி விளக்கம் கேட்டால், கடிதம் வருவது நம் வீட்டு முகவரிக்குத்தான்.