நடுவர் கதிரையில் மரியோ

கேம்பாய் எண்டதும் எல்லாருக்கும் டெட்ரிஸ்தான் ஞாபகம் வரும். ஆனால் 1989இல், கருவி யப்பானில் வந்த சில வாரங்களிலேயே 'டெனிஸ்' விளையாட்டையும் நிண்டெண்டோ வெளியிட்டது. மரியோ அதில் ஆடவில்லை. உயரக் கதிரையில் இருக்கும் நடுவர்.

திரைக்குள் வெளிச்சமில்லை, நாலே நாலு பச்சைச் சாயல். அதுக்குள்ள பந்தைக் கண்டுபிடிக்கிறதே பாதி ஆட்டம்! கணினியோடு தனியாகவும் ஆடலாம். ஆனால் உண்மையான சண்டை கேபிளில்தான். அதுக்கு இரண்டு கருவி, இரண்டு கார்ட்ரிஜ், எட்டுப் பற்றரி வேணும். செலவுதான். எண்டாலும் கேபிள் நீளத்துக்குள்ள இருக்கிறபடியால் தோத்தவரின்ர முகத்தைப் பார்க்கலாம்.

2000இல் கேம்பாய் கலருக்கு வந்த 'மரியோ டெனிஸ்' அந்த எதிராளியின் இடத்தைக் கதையால் நிரப்பியது. டெனிஸ் பள்ளியில் சேரும் புதுப் பிள்ளை நீங்கள். பயிற்சி எடுத்து, ஒவ்வொருவராக வெல்லவேணும். கேபிள் வசதி அப்பவும் இருந்தது, ஆனால் அது இல்லாமலே நாள்கணக்கில் ஆட முடிந்தது. கடைசியில் வலைக்கு அங்கால நிக்கிறது ஆர் தெரியுமோ? பழைய நடுவர்தான்.