'கஷ்டம்' என்றால் கஷ்டம்தானா? புனேயில் ஓர் அர்த்தம், கொல்கத்தாவில் வேறு அர்த்தம்

"சார், இந்த வாரம் முடிக்கிறது கஷ்டம்."

சென்னை ஆபீஸில் இதைச் சொன்னால் உடனே புரிந்துவிடும்: முடியாது என்று அர்த்தம். இதையே டெல்லி டீமிடம் 'பஹுத் கஷ்ட் ஹை' என்று சொல்லிப் பாருங்கள். புராண சீரியலில் இருந்து இறங்கி வந்த ஆளைப் பார்ப்பதுபோல் பார்ப்பார்கள்.

சமஸ்கிருதத்தில் பிறந்து இந்தியா முழுக்கப் பரவிய சொல் இது. ஒவ்வொரு மொழியும் அதில் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டது. தமிழ் கொஞ்சம் தாராளமாகவே எடுத்துக்கொண்டது. 'கஷ்டப்பட்ட குடும்பம்' என்றால் வறுமை. 'கஷ்டப்பட்டுப் படிச்சேன்' என்றால் உழைப்பு. 'நீ அப்படிப் பேசினது கஷ்டமா இருந்துச்சு' என்றால் மனவருத்தம். 'அவர் வர்றது கஷ்டம்தான்' என்றால், வரமாட்டார்.

நம்மிடம் சொல்லுக்கு ஒன்றும் பஞ்சமில்லை. திருக்குறளின் 63-வது அதிகாரம் இடுக்கண் அழியாமை. இன்னல், அல்லல், இடும்பை எல்லாம் இருக்கின்றன. ஆனால் 'எனக்கு இடுக்கண்' என்று சொல்லி யாரும் லீவு கேட்பதில்லை.

இந்தியில் அது மரியாதைச் சொல்

இந்தியில் 'கஷ்ட்' கோட்டு போட்ட சொல். அரசு அலுவலகக் கடிதங்களில் 'கார்யவாஹி கர்னே கா கஷ்ட் கரேன்' என்று எழுதுவார்கள். சிரமம் பார்க்காமல் நடவடிக்கை எடுங்கள் என்று பணிவாகக் கேட்பது. பேச்சில் 'முஷ்கில்', 'திக்கத்' போதும். உடம்பு சரியில்லை என்றால் 'தக்லீஃப்'.

கவனித்தீர்களா, அந்தப் பணிவான இடத்தில் நாம் போடுவது 'சிரமம்'. 'சிரமத்துக்கு மன்னிக்கவும்' போர்டு பார்க்காத தெரு உண்டா? அதே சொல் இந்தியில் 'ஷ்ரம்', அதாவது உழைப்பு. தொழிலாளர் அமைச்சகத்தின் இந்திப் பெயரில் இருப்பது அதுதான். அமைப்புசாராத் தொழிலாளர்களுக்காக 2021-ல் தொடங்கிய இ-ஷ்ரம் தளத்திலும் அதுதான். இரண்டு மொழிகளும் இரண்டு சொற்களையும் மாற்றிப் போட்டுக்கொண்டதுபோல் இருக்கிறது.

தெலுங்கிலும் கன்னடத்திலும் பெரிய ஆபத்தில்லை, ஏறக்குறைய நம் பொருள்தான். மலையாளத்தில் 'கஷ்டம்!' என்று தனியாகச் சொன்னால் 'ஐயோ, பரிதாபமே' என்று அர்த்தம். 'கஷ்டிச்சு' தப்பித்தார் என்றால் மயிரிழையில் தப்பித்தார். ஒரு வேலை சிரமம் என்று சொல்ல 'புத்திமுட்டு' இருக்கிறது.

வங்காளிகளிடம் மட்டும் ரொம்பக் கவனம் வேண்டும். அங்கே 'கொஷ்டோ' என்றால் உழைப்பும் உண்டு, ஆனால் முதலில் வருவது வலி. கூட வேலை பார்ப்பவர் 'கொஷ்டோ பெயேச்சி' என்றால் மனசு புண்பட்டுவிட்டது என்கிறார். யார் என்ன சொன்னார்கள் என்று கேட்க வேண்டிய நேரம் அது. நீங்கள் வேலைப்பளு என்று நினைத்து டெட்லைனை ரெண்டு நாள் தள்ளிவைத்தால், புண்பட்டது அப்படியே இருக்கும்.

மராத்தியில் கூலிக்கான சொல்

மராத்தியில் 'கஷ்ட்' என்றால் முக்கியமாக உடலுழைப்பு. உழைப்பவர் 'கஷ்டகரி'. புனேயில் குப்பை சேகரிப்பவர்கள் 1993-ல் தொடங்கிய சங்கத்தின் பெயர் 'காகத் காச் பத்ரா கஷ்டகரி பஞ்சாயத்'. காகிதம், கண்ணாடி, தகரம் என்று தினமும் கையில் படுகிற பொருள்களை வரிசையாகச் சொல்லிவிட்டு, கடைசியில் தங்களைச் சொல்கிறார்கள்.

இதைத் தமிழில் 'கஷ்டப்படுறவங்க' என்று மாற்றினால் என்ன ஆகும்? பெயரே மாறிவிடும். நமக்கு அந்தச் சொல்லைக் கேட்டதும் இரக்கம் வருகிறது, பழைய துணி கொடுக்கலாமா என்று தோன்றுகிறது. அந்தச் சங்கம் கேட்டது அதை அல்ல. மாநகராட்சி அங்கீகரிக்கும் அடையாள அட்டை கேட்டது, வாங்கியது. அதிலிருந்து உருவான 'ஸ்வச்' கூட்டுறவு அமைப்பு, மாநகராட்சியோடு ஒப்பந்தம் போட்டு வீடு வீடாகக் குப்பை எடுக்கிறது. அதற்கு வீட்டுக்காரர்களிடம் மாதக் கட்டணம் வாங்குகிறது.

நீங்கள் புனேயில் வேலை பார்த்தால், காலையில் உங்கள் அபார்ட்மென்ட் வாசலுக்கு வருபவர் இவர்களில் ஒருவராக இருக்கலாம். ஊரில் இருந்து வந்த அம்மா 'யாருப்பா அது?' என்று கேட்டால், கஷ்டகரிக்குத் தமிழில் உழைப்பாளி என்றே சொல்லுங்கள்.