பொதி கட்டியவர்களின் கதை



கடையிலிருந்து வரும் பொதியோடு ஒரு சீட்டும் வருகிறது. உள்ளே என்ன இருக்கிறது, யார் அனுப்பினார் என்பதை அதைப் பார்த்தே அறிகிறோம். கணிப்பொறிக்குள் செல்லும் மென்பொருளுக்கும் இப்படியொரு பொதியும் சீட்டும் உண்டு. அவை பிறந்த வரலாற்றை இன்று காண்போம்.

பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், 1991ஆம் ஆண்டு லினக்ஸை எழுதி வெளியிட்டார். எவரும் அதைப் படிக்கலாம், திருத்தலாம். ஆயினும், அதில் புதிய மென்பொருள் ஒன்றைச் சேர்ப்பது எளிதாக இருக்கவில்லை. பெரும்பாலும் மூல நிரலைப் பெற்று, தம் கணிப்பொறியிலேயே அதை இயங்கும் வடிவுக்கு மாற்றி, கோப்புகளை உரிய இடங்களில் வைக்க வேண்டும். பின்னர் நீக்க நினைத்தால், எந்தக் கோப்பு எதனுடையது என்று தெரியாமல் திண்டாட வேண்டும்.

1993ஆம் ஆண்டு ஆகஸ்ட்டில், அமெரிக்க மாணவர் இயன் மர்டாக் தம் இருபதாம் வயதில் டெபியன் திட்டத்தைத் தொடங்கினார். தொண்டர்கள் ஆளுக்குச் சில மென்பொருள்களைப் பொறுப்பேற்றுப் பொதி கட்டினார்கள். 1995இல் ரெட் ஹேட் நிறுவனம் ஆர்பிஎம் என்னும் பொதி முறையைக் கொண்டுவந்தது.

டெபியன் பொதிக்குள் இரு முக்கியப் பகுதிகள் உண்டு. ஒன்று சரக்கு, மற்றொன்று சீட்டு. பெயர், பதிப்பு, பொறுப்பாளர், துணைக்கு வேண்டிய பிற பொதிகள் ஆகியன சீட்டில் இருக்கும். குழம்புக்குப் புளி வேண்டும் என்று எழுதிவைப்பது போன்றது இது. 1999இல் வெளிவந்த டெபியன் 2.1 பதிப்பில் ஏபிடி என்னும் கருவி இடம்பெற்றது. துணைப் பொதிகளையும் அதுவே தேடிக் கொண்டுவந்து சேர்த்தது.

இத்தனை வசதியும் நம்பிக்கையின் மீதே நிற்கிறது. அந்த நம்பிக்கைக்கு 2024ஆம் ஆண்டில் சோதனை வந்தது. எக்ஸ்இசட் என்னும் மென்பொருளுக்கு ஈராண்டுக்கு மேல் உதவிசெய்து நற்பெயர் பெற்ற ஒருவர், அதில் கள்ள வழியொன்றைப் புகுத்திவிட்டார். டெபியன் பொதியோ ஆர்பிஎம் பொதியோ கட்டப்படும்போது மட்டுமே அது உள்ளே நுழையும்படி அமைத்திருந்தார். தொலைவிலிருந்து கணிப்பொறிக்குள் நுழைய அரை விநாடி கூடுதலாவதைக் கவனித்த ஆண்ட்ரெஸ் ஃபிராயிண்ட் என்னும் பொறியாளர், காரணத்தைத் தேடிப்போய், மார்ச் 29ஆம் நாள் உண்மையை உலகுக்கு அறிவித்தார். டெபியனின் நிலையான பதிப்பை அது எட்டுவதற்குள் தடுக்கப்பட்டது.

மூலம் திறந்திருந்ததால் அவரால் தேடிப் பார்க்க முடிந்தது. ஆனால், அரை விநாடிதானே என்று அவர் விட்டிருந்தால்? கணிப்பொறி பயிலும் நம் பிள்ளைகளுக்குச் சிறு பிழையையும் விடாமல் ஆராயும் பழக்கத்தை இன்றே கற்றுக்கொடுப்போம்.