புகையிரதப் பெட்டியின் நீளம்: ஓர் அளவையின் வரலாறு

புகையிரதப் பெட்டியொன்றின் நீளம் யாது என்னும் வினா எளிதானதாகவே தோன்றும். எனினும், உடற்சட்டத்தின் முனைகளுக்கிடையே அளப்பதா, இணைப்பிகளையும் சேர்த்து அளப்பதா, சேர்ப்பின் இணைப்பியின் எவ்விடத்தில் அளவை நிறுத்துவது என்று வினவுமிடத்து, விடை பலவாகும். இலங்கையின் அகலப்பாதைப் பெட்டிகளில் நாம் காணும் பிரித்தானிய முறையில், ஒரு முனையிலுள்ள மோதுதாங்கியின் வெளிமுகத்திலிருந்து மறுமுனைத் தாங்கியின் வெளிமுகம்வரை அளப்பர். வட அமெரிக்காவிலோ அளவு இணைப்பியின் இழுமுகத்தில், அதாவது கொளுவும் முட்டியின் உட்புறத்தில் முடிவுறுகின்றது. இம்முறை உருவாகிய வரலாறு தொழிலாளரின் கைகளோடு தொடர்புடையது.

1880கள் வரையில் ஐக்கிய அமெரிக்காவின் சரக்குப் பெட்டிகள் பெரும்பாலும் இரும்பு வளையத்தாலும் ஆணியாலுமே பிணைக்கப்பட்டன. நெருங்கிவரும் இரு பெட்டிகளுக்கிடையே பிறேக்குத் தொழிலாளி நின்று, வளையத்தைக் கையாற் பிடித்து எதிர்த் துளையிற் செலுத்துவார். இணைப்பியின் வடிவமும் உயரமும் கம்பனிக்குக் கம்பனி வேறுபட்டன. ஆதலின் அவர் பழகிய கணிப்பு அடுத்த பெட்டிக்குப் பொருந்தாது போகலாம். விரலிழந்தோர் பலர், உயிரிழந்தோரும் உளர். உள்நாட்டுப் போரிற் படையதிகாரியாயிருந்த சனாதிபதி ஹரிசன், 1889இல் காங்கிரசுக்கு விடுத்த செய்தியில் இவ்வாபத்தைப் போர்வீரனின் ஆபத்தோடு ஒப்பிட்டமை மிகைக்கூற்றன்று.

வேர்ஜீனியாவைச் சேர்ந்த ஈலை ஜானி, விரல் மடக்கிய இரு கைகள் ஒன்றையொன்று பற்றுவது போன்ற இணைப்பிக்கு 1873இல் ஆக்கவுரிமை பெற்றார். பெட்டி கட்டுவோர் சங்கம் 1887இல் இதனை நியமமாக ஏற்றபோது, பொறியமைப்பு முழுவதையும் ஏற்கவில்லை. இரு இணைப்பிகளும் சந்திக்கும் புறவரையை மாத்திரமே வரையறுத்தது. அப்புறவரை மீதான உரிமையை ஜானி விட்டுக்கொடுத்தார். என் கருத்தில் கண்டுபிடிப்பிலும் இதுவே பெரிது. இழுவிசையின்போது இரு முட்டிகளின் உட்புறங்களும் தொடும் தளம் இரு பெட்டிகளுக்கும் பொதுவானது. முட்டியின் வெளிநுனிவரை அளந்தால், ஒன்றனுள் ஒன்று புகும் பகுதி இருமுறை எண்ணப்படும். உடற்சட்டத்தோடு நிறுத்தினால் இடைவெளி விடுபடும். பொதுத் தளத்தில் அளவை நிறுத்தும்போதே பெட்டிகளின் நீளங்களைக் கூட்டித் தொடரின் நீளத்தைப் பெறலாம்.

உயரத்தையும் நிலைப்படுத்த வேண்டியிருந்தது. சுமையேற்றும்போது வில்கள் தாழும். சில்லுகளும் காலப்போக்கில் தேயும். 1893 மார்ச் 2இல் கையொப்பமிடப்பட்ட பாதுகாப்புச் சட்டம், தண்டவாளத்தின் மேற்பரப்பிலிருந்து இணைப்பியின் மையம்வரை உயரம் அளக்கப்படல் வேண்டுமென விதித்தது. நியமப் பாதைக்கு உச்சம் 34½ அங்குலமெனவும், வெறுமைக்கும் சுமைக்கும் இடையே 3 அங்குல வேறுபாடு அனுமதிக்கப்படுமெனவும் முடிவாயிற்று. இவ்வெல்லைகள் இன்றும் நிலவுகின்றன.

ஆயினும் 1900 ஆகஸ்டில், யூட்டா மாநிலத்தில், எஞ்சினையும் உணவுப் பெட்டியையும் பிணைக்க முயன்ற தொழிலாளி ஒருவர் கையை இழந்தார். இரண்டிலும் தன்னியக்க இணைப்பிகள் இருந்தன. ஆனால் வெவ்வேறு வகையின ஆதலால் அவை ஒன்றோடொன்று பிணையவில்லை. ஒவ்வொன்றும் தன்னளவில் சட்டத்திற்கு அமைந்ததே எனக் கீழ்நீதிமன்றங்கள் அவரது வழக்கை நிராகரித்தன. 1904இல் உச்சநீதிமன்றம் அம்முடிவை மாற்றி, வண்டிகளின் இணைப்பிகள் ஒன்றோடொன்று தாமாகவே பிணையக்கூடியனவாக இருத்தல் வேண்டுமெனத் தீர்ப்பளித்தது.