கடல் கடந்து வந்த வேலை: நெடுந்தீவின் குதிரைகளும் இன்றைய மென்பொருளும்

குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து ஏறக்குறைய ஒரு மணி நேரம் கடலிற் சென்றால் நெடுந்தீவை அடையலாம். பவளக் கற்களை அடுக்கிய வேலிகளைக் கடந்து தீவின் தென்புறப் புல்வெளிக்குச் செல்வோர், உடையவர் எவருமின்றிக் கூட்டங்கூட்டமாக மேயும் மட்டக் குதிரைகளைக் கண்டு வியப்பர். வேறெத் தீவிலும் இல்லாத குதிரை இங்கு மாத்திரம் ஏன் திரிகின்றது என்னும் வினா எழுதல் இயல்பே. அதற்கு விடை தேடப் புகின், நம் காலத்தார் புதியதென்று கருதும் ஒரு தொழின்முறையின் பழைய வடிவத்தைக் காண்போம்.

ஒரு நாட்டு நிறுவனம் தனக்கு வேண்டிய வேலையைக் கூலி குறைந்த பிற நாட்டிற் கொடுத்துச் செய்வித்தலை இன்று 'அவுட்சோர்சிங்' என்று பலரும் வழங்குவர். கணினித் துறையிலே இம்முறை பெருவழக்காயிற்று. இதன் நன்மை தீமைகளை ஆராய்வோர் பெங்களூரிலிருந்து தொடங்குதல் வழக்கம். நாம் நெடுந்தீவிலிருந்து தொடங்குவோம்.

தமிழகத்துக்குக் குதிரை கடல்வழி வந்த பண்டம். காவிரிப்பூம்பட்டினத்துத் துறையிலே குதிரைகள் வந்திறங்கிய செய்தியைப் பட்டினப்பாலையாலே அறிகின்றோம். அரபு நாட்டிலிருந்தும் பாரசீகத்திலிருந்தும் வந்த குதிரைகளுக்குத் தென்னாட்டு மன்னர் பெரும்பொருள் கொடுத்தனர். அவற்றை அண்மையிலேயே வளர்த்துக்கொள்ள முடியுமாயின் செலவு மிகக் குறையுமன்றோ? நெடுந்தீவுக் குதிரை வளர்ப்பு போத்துக்கேயர் காலத்திலே தொடங்கியதெனக் கூறப்படும். 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் அதனைத் தொடர்ந்து நடத்தினர். வேலி அடைக்க வேண்டியதில்லை, கடலே வேலி. புல்லுக்கு விலையில்லை. ஊழியம் என்னும் கட்டாய வேலைமுறை நாட்டில் நிலவியமையால் ஆட்கூலியும் பெரிதன்று. கணக்கறிந்த வணிகர் இத்தகைய இடத்தைத் தெரிந்தெடுத்ததில் வியப்பில்லை.

ஒல்லாந்தர் இத்தீவுகளுக்கு இட்ட பெயர்களும் நோக்கத்தக்கன. நெடுந்தீவு டெல்வ்ற் ஆயிற்று, இன்று காரைநகர் எனப்படும் காரைதீவு அம்ஸ்டர்டாம், அனலைதீவு ரொட்டர்டாம், புங்குடுதீவு மிடில்பேர்க். இந்நான்கும் 1602இல் நிறுவப்பெற்ற ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் கிளைச் சபைகள் இருந்த நகரங்களின் பெயர்கள். முதலீடு செய்தவர் இருந்த ஊரின் பெயரை, வேலை செய்தவர் இருந்த ஊர் தாங்கிற்று. மற்றவை மறைய டெல்வ்ற் என்னும் பெயர் மாத்திரம் ஆங்கில வழக்கிலே இன்றும் நிற்கின்றது.

1697இல் யாழ்ப்பாணக் கொமாண்டராகவிருந்த ஹென்றிக் ஸ்வார்டகுரூன் தமக்குப் பின் பொறுப்பேற்போருக்கென எழுதிய நினைவுக் குறிப்பிலே குதிரை வளர்ப்பும், யானை விற்பனையும், சாயவேரும் கம்பனியின் வருவாய்த் துறைகளாகப் பேசப்படுகின்றன. 1795இல் வந்த ஆங்கிலேயரும் குதிரை வளர்ப்பை விட்டாரில்லை. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் நோலன் என்னும் படை அதிகாரி நெடுந்தீவிலிருந்து அதனை மேற்பார்த்தார். பின்னர் அது கைவிடப்பட்டது. ஆள்வோர் கணக்கிலே ஒரு வரி அடிக்கப்பட்டது. தீவிலே ஒரு தொழில் மடிந்தது. லாயத்தின் இடிபாடுகளும் காட்டுக் குதிரைகளுமே எஞ்சின. இரு நூற்றாண்டுக்கு மேல் குதிரை வளர்த்த தீவிலே குதிரை வாணிகன் ஒருவன்கூட இன்று இல்லை. வாங்குவோன் யார், அவன் எத்தகைய குதிரையை விரும்புவான், என்ன விலை கொடுப்பான் என்பனவெல்லாம் கோட்டைக்குள்ளே தங்கிவிட்டன. தீவாருக்குக் கிடைத்தது மேய்க்கும் வேலையே.

சாயவேரின் கதை இன்னும் கூர்மையானது. மணற்பாங்கான நிலத்திலே விளையும் இவ்வேரைத் தோண்டிக் கொடுத்தல் யாழ்ப்பாண நாட்டிலே ஒரு குலத்தார்மீது சுமத்தப்பட்ட கடமையாக இருந்தது. அதன் செந்நிறங்கொண்டு சாயமிட்ட துணி கப்பலேறிற்று. 1868ஆம் ஆண்டளவில் கிறேபே, லீபர்மன் என்னும் செருமானிய இரசாயன அறிஞர் இருவர், அச்செந்நிறத்துக்குக் காரணமான அலிசரின் என்னும் பொருளை ஆய்வுகூடத்திலே செய்து காட்டினர். அடுத்த சில ஆண்டுகளில் உலகெங்கும் சாயவேரின் மதிப்பு வீழ்ந்தது. தோண்டியவனுடைய கையிலே குறையொன்றுமில்லை. அவன் கேள்விப்படாத ஓர் ஊரிலே, அவன் கேள்விப்படாத ஒரு நூல்வழியாக அவனுடைய தொழில் முடிந்தது.

இனி, வேலை நம்மிடம் வராமல் நாம் வேலையிடம் சென்ற காலத்தையும் சிறிது நோக்குதல் வேண்டும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து மலாயாவின் புகையிரதப் பகுதியிலும் அளவைப் பகுதியிலும் இலிகிதராக அமர்ந்தவருள் யாழ்ப்பாணத்தார் பலர். ஆங்கிலக் கல்வி அவர்தம் முதல். கோலாலம்பூரிலிருந்தும் தைப்பிங்கிலிருந்தும் வந்த காசுக்கட்டளைகளாலே இங்கு கல்வீடுகள் எழுந்தன, கோயில்கள் திருத்தப்பெற்றன, பள்ளிக்கூடங்கள் வளர்ந்தன. 1942இல் யப்பானியர் மலாயாவைக் கைப்பற்றியதும் அந்த ஊற்று அடைபட்டது. 1957இல் மலாயா விடுதலை பெற்றபின் அரச உத்தியோகங்கள் அந்நாட்டவருக்கே முதலில் உரியனவாயின. அது நியாயமே. ஆயினும், பிறர் கதவு திறந்திருக்கும்வரை மாத்திரம் நடக்கும் வாழ்வு எத்தகையதென்பதை நம் வீடுகள் அன்று அறிந்தன. தீவுப்பகுதியார் பலர் இலிகித வேலையை நாடாது தென்னிலங்கை நகரங்களிலே கடை வைத்தனர் என்பதையும் இங்கே குறித்தல் தகும். வாங்குவோனை நேரிற் கண்டு பழகியவர் அவர்.

இன்றைய நிலைமையிலே மனிதன் ஊரில் இருக்க, வேலை கம்பிவழி வருகின்றது. 1985இல் டெக்சாஸ் இன்ஸ்ற்றுமென்ற்ஸ் என்னும் அமெரிக்க நிறுவனம் பெங்களூரிலே மென்பொருள் நிலையம் அமைத்துச் செயற்கைக்கோள் தொடர்பாலே வேலை நடத்திற்று. 2000ஆம் ஆண்டு பிறக்குமுன் கணினிகளின் ஆண்டுக் கணக்கைத் திருத்தும் அவசரம் எழுந்தபோது இந்தியருக்கு வேலை குவிந்தது. நியூயோர்க்கில் இரவாகும்போது இங்கு பகலாதலின், அங்கு மாலையில் அனுப்பிய வேலை மறுநாட் காலையில் முடிந்து கிடக்கும். கூலியும் மிகக் குறைவு. கொடுப்போனுக்கு இதனால் வரும் ஊதியம் வெளிப்படை. அவனுடைய நாட்டுத் தொழிலாளி வேலை இழப்பதும், தன் கையால் செய்வதை விட்ட நிறுவனம் நாளடைவில் அவ்வித்தையையே மறப்பதும் அவ்வளவு வெளிப்படையாகத் தோன்றுவதில்லை.

பெறுவோனுக்கு வரும் நன்மையை இகழ்தல் கூடாது. 2022இல் இலங்கை நாணயம் வீழ்ந்து, ஏறத்தாழ 200 ரூபாவாகவிருந்த டொலர் சில மாதங்களுள் 360 ரூபாவை எட்டியபோது, வெளிநாட்டுக்கு மென்பொருள் எழுதி டொலரிற் சம்பளம் பெற்ற குடும்பங்கள் ஓரளவு தலை நிமிர்ந்து நின்றன. தாய் தந்தையரை விட்டு நீங்காது, ஊர்க் கோயில் திருவிழாவுக்கும் தவறாது நின்று உழைக்கலாம் என்பதை மலாயாப் பென்சன்காரரின் பேரப்பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. இரவெல்லாம் விழித்துப் பிறநாட்டார் பெயரொன்றைப் பூண்டு தொலைபேசியில் விடை சொல்லும் வேலையும் இத்துறையில் உண்டு. அதனைச் சிறுமையென்று முகஞ்சுளிப்போர் மாற்று வேலை ஒன்றைக் காட்டுவாராயின் நன்று.

எனினும், மேய்க்கும் வேலைக்கும் குதிரை வாணிகத்துக்குமுள்ள வேறுபாடு இங்கும் உண்டு. 1996இல் கொழும்பிலே தொடங்கிய மில்லேனியம் ஐ.ரி. என்னும் நிறுவனம் பங்குச் சந்தைகளுக்கு வேண்டிய மென்பொருளைத் தன்னுடைய பொருளாகவே ஆக்கிற்று. 2009இல் இலண்டன் பங்குச் சந்தை அந்நிறுவனத்தையே விலைக்கு வாங்கிற்று. 2011இல் இலண்டனின் பங்கு வாணிகம் அம்மென்பொருளின்மீது நடக்கத் தொடங்கிற்று. அவர் இட்ட வேலையைச் செய்து கூலி பெற்ற கதையன்று இது. வாங்குவோனுடைய தேவையை நம்மவரே அறிந்து பொருளாக்கிய கதை. உடைமை இலண்டனுக்குப் போயிற்றே என்று வருந்துவோரும் உளர். எனக்கு அவ்வருத்தம் பெரிதாகத் தோன்றவில்லை. ஆக்கிய அறிவு கொழும்பிலே நின்றது.

சாயவேரை நினைப்பிக்கும் நிகழ்ச்சியும் நம் கண்முன்னே நடக்கின்றது. 2022 நவம்பரிலே சாட்ஜிபிடி வெளிவந்தபின், எளிய நிரல் எழுதுதல், கடிதங்களுக்கு விடை வரைதல் முதலிய வேலைகளைப் பொறியே செய்யத் தொடங்கிவிட்டது. கடல் கடந்து கொடுக்கப்பட்ட வேலைகளுள் முதலில் ஆட்டங்காண்பவை இவையே. யாழ்ப்பாணத்திலே 'யாழ் ஐ.ரி. ஹப்' போன்ற அமைப்புக்கள் இளைஞரைத் தம் சொந்தப் படைப்புக்களை ஆக்கத் தூண்டிவருகின்றமை இவ்வகையிற் காலத்துக்கேற்ற முயற்சி. ஆயினும் நம் வகுப்பறைகளிலே கணினிப் பாடம் இன்னும் பெரும்பாலும் கட்டளைகளை மனனஞ் செய்யும் பாடமாகவே நடக்கின்றது. ஆசிரியருள் ஒருவனாகிய எனக்கும் அக்குறையிற் பங்குண்டு.

கம்பனியின் பதிவேடுகள் கொழும்பிலும் ஹேக் நகரிலும் ஒல்லாந்த மொழியிலே காக்கப்படுகின்றன. குதிரைகளின் கணக்கு அவற்றில் இருக்கும். அவற்றுக்கு நீர் இறைத்தவர், நோய்க்கு மருந்து அரைத்தவர், முரட்டுக் குதிரையைப் பழக்கியவர் ஆகியோரின் செய்தி இருக்குமாயின் அது நெடுந்தீவு முதியோரின் வாய்மொழியிலேதான் இருத்தல் வேண்டும். அத்தீவிலிருந்து நம் கல்லூரிக்கு வந்து பயிலும் மாணவர் எவரேனும் வரும் விடுமுறையிலே அவற்றைக் கேட்டு எழுதி வருவாராயின், அடுத்த ஆண்டு மலருக்கு இக்கட்டுரையினும் பயனுடைய கட்டுரை ஒன்று கிடைக்கும்.