கொல்லிமலைப் பயணம்

கொல்லிமலை, நாமக்கல் மாவட்டத்தில் கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்த உயர்நிலப் பகுதி. பரப்பு சுமார் 280 சதுர கிலோமீட்டர். கடல்மட்டத்திலிருந்து உயரம் 1,000 முதல் 1,300 மீட்டர். சேலம், நாமக்கல் சமவெளியில் நின்று பார்ப்பவருக்கு ஒரே மலையாகத் தெரியும். மேலே வளப்பூர் நாடு, சேளூர் நாடு, தின்னனூர் நாடு, குண்டூர் நாடு என ஊர்கள் பல நாடுகளாகப் பிரிந்து கிடக்கின்றன. காலையில் ஏறி மாலையில் இறங்குவோர் அருவியை மட்டும் பார்த்துத் திரும்புகிறார்கள். மலையின் வாழ்க்கையைப் பார்க்க இரண்டு இரவாவது தங்க வேண்டும்.

சங்க காலத்தில் இது கடையெழு வள்ளல்களில் ஒருவனான வல்வில் ஓரியின் நாடு. முள்ளூர் மன்னன் காரி ஓரியைக் கொன்று, மலையைச் சேரனுக்குக் கொடுத்த செய்தி அகநானூற்றில் உள்ளது. கொல்லிப்பாவை என்னும் தெய்வப் பாவையை நற்றிணையும் குறுந்தொகையும் குறிப்பிடுகின்றன. மலைமேல் உள்ள செம்மேட்டில் குதிரைமேல் அமர்ந்த ஓரியின் சிலை நிற்கிறது. ஆடிப்பெருக்கையொட்டி அரசு நடத்தும் வல்வில் ஓரி விழாவில் வில்வித்தைப் போட்டியும் மலர்க் கண்காட்சியும் உண்டு. விழாவுக்கு வருவோர் தங்குமிடத்தை முன்னதாகவே பேசி வைப்பது அவசியம்.

நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி வழியாக அடிவாரமான காரவள்ளிக்குப் போகலாம். அங்கிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் எண் எழுதிய பலகை இருக்கும். ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும். இறங்கும்போது பிரேக்கை மட்டும் நம்பாமல் முதல் அல்லது இரண்டாம் கியரிலேயே வர வேண்டும். வளைவுகளில் தலைசுற்றுபவர்கள் ராசிபுரம் பக்கமிருந்து முள்ளுக்குறிச்சி வழியாக ஏறலாம். அந்தப் பாதையில் வளைவுகள் குறைவு. எரிபொருளைக் கீழேயே நிரப்பிக்கொள்வது நல்லது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை காலம். அப்போது மண்சரிவு ஏற்படலாம், அருவியில் குளிக்கத் தடையும் இருக்கலாம் என்பதால் புறப்படும் முன் விசாரிக்க வேண்டும்.

வளப்பூர் நாட்டில் பெரியகோவிலூரில் உள்ளது அறப்பளீசுவரர் கோயில். இங்கே சோழர் காலக் கல்வெட்டுகள் உள்ளன. அம்பலவாணக் கவிராயரின் அறப்பளீசுர சதகம் இந்த இறைவன்மீது பாடப்பட்டதே. கோயிலை அடுத்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்கினால் ஆகாய கங்கை அருவி. ஐயாறு என்னும் ஆறு இங்கே சுமார் 300 அடி உயரத்திலிருந்து விழுகிறது. இறங்குவது எளிது, ஏறும்போதுதான் முழங்கால் சோதிக்கப்படும். காலையிலேயே போய், வெயில் ஏறுமுன் திரும்பிவிடுவது உத்தமம். மூட்டுவலிக்காரர்கள் மாசிலா அருவியோடு நிறுத்திக்கொள்ளலாம். எட்டுக்கை அம்மன் கோயிலும் சீக்குப்பாறைக் காட்சிமுனையும் அதிக நேரம் கேட்காதவை.

இங்கு வாழ்வோரில் பெரும்பான்மையினர் மலையாளிப் பழங்குடியினர். கேரளத்துக்கும் இப்பெயருக்கும் தொடர்பில்லை. இவர்கள் பேசுவது தமிழ். தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்ததாக வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். சாமை, தினை, கேழ்வரகு, வரகு ஆகியவை இவர்களின் பழைய பயிர்கள். சமவெளியின் ஜவ்வரிசி ஆலைகளுக்காகக் குச்சிக்கிழங்கு மலையேறியபின் சிறுதானியக் காடுகள் சுருங்கின. சோற்றுக்கான நிலம் விலைப்பயிருக்குப் போனது பெரிய இழப்பு. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களிலிருந்து இங்குள்ள குடும்பங்களோடு சேர்ந்து விதை வங்கி அமைத்தும், சாமை உமியை நீக்கும் இயந்திரங்களைக் கொண்டுவந்தும் இந்தப் பயிர்களைக் காக்கப் பாடுபட்டு வருகிறது. சாமையை உரலில் குத்திப் புடைத்த பெண்களின் கைவலிக்கு அந்த இயந்திரம் செய்த உதவி சாதாரணமானதல்ல.

சோளக்காட்டுச் சந்தையில் மிளகு, காபிக்கொட்டை, அன்னாசி, பலா, மலைவாழை கிடைக்கும். முடவாட்டுக்கால் கிழங்கையும் பார்க்கலாம். பாறையிலும் மரத்திலும் படரும் பெரணியின் தண்டு அது. மேலெல்லாம் பழுப்பு ரோமம் மூடியிருக்கும். அதைச் சுரண்டி நீக்கி, நறுக்கி, மிளகு சீரகம் தட்டிப்போட்டுச் சூப் வைப்பார்கள். மூட்டுவலிக்கு நல்லது என்பது மலைவாசிகளின் நம்பிக்கை. சாமைச் சோறு வேண்டுமென்றால் தங்குமிடத்தில் முந்தின நாளே சொல்லிவைக்க வேண்டும். பரோட்டாவும் பிரியாணியும் கேட்பவர்களே அதிகம் என்பதால் எல்லா இடத்திலும் சமைத்து வைத்திருக்க மாட்டார்கள்.